சித்திரை மாதத்துப் பனி

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பது நம்மவர் பழமொழி. வடமராட்சியிலே பிறந்து வளர்ந்த நமக்குப் பனி என்றால் அதுதான். விடியற்காலையிலே பூவரசம் இலைகளை நனைத்துவிட்டு, வெயில் ஏறுமுன் சொல்லாமல் மறைந்துவிடும் பனி. முதியவர்கள் அதற்கும் அஞ்சித் தலையிலே சால்வையைச் சுற்றிக்கொண்டு கோயிலுக்குப் போவார்கள். சித்திரை மாதத்திலே பனியைப் பற்றிப் பேசுபவனை நம் ஊரிலே யாரும் மதிக்கமாட்டார்கள். கிணறு இறங்கிப்போகும் மாதம் அது.

அந்தச் சித்திரை மாதத்திலேதான், அறுபத்திரண்டாம் வயதிலே, நீண்ட பலகைகள் இரண்டைக் காலிலே பூட்டிக்கொண்டு சுவிற்சர்லாந்து நாட்டு மலையொன்றிலே நாம் பனிச்சறுக்கு ஆடினோம். ஆடினோம் என்பதிலும் விழுந்தோம் என்பதே பொருத்தம். (நாம் என்பது பத்திரிகை எழுத்தின் வழக்கம், விழுந்தவர் ஒருவரே.)

எப்படிப் போனோம் என்பதைச் சொல்லவேண்டும். எம்முடன் ஒரே வகுப்பிலே, ஒரே வாங்கிலே இருந்து படித்த நண்பர்கள் இருவர், 1983 ஆம் ஆண்டுக் கலவரத்தின்பின் நாட்டைவிட்டுப் போய், ஈற்றிலே சுவிற்சர்லாந்திலே தஞ்சம் புகுந்தனர். அங்கே பேர்ண் நகரிலே ஓர் உணவுச்சாலையின் சமையற்கட்டிலே இருவரும் கோப்பை கழுவினார்கள். ஒருவருக்குக் காலை வேலை, மற்றவருக்கு இரவு வேலை. இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு குளிர்ச்சட்டை. காலையிலே போனவர் திரும்பி வந்து கழற்றிக் கொடுக்க, மற்றவர் அதை அணிந்துகொண்டு இரவு வேலைக்குப் போவார். முதற் குளிர்காலத்தை இப்படித்தான் கழித்தார்கள் என்று அந்நாளிலே எமக்கு வந்த கடிதம் இன்னும் பெட்டியிலே இருக்கிறது.

பின்னர் ஒருவர் சூரிச் நகருக்குக் குடிபெயர்ந்தார். மற்றவர் பேர்ணிலேயே தங்கினார். மணம் முடித்தனர், பிள்ளைகள் பிறந்தனர். எல்லாம் நன்றாகத்தான் இருந்தன, அந்தச் சீட்டுத் தொடங்கும் வரை.

சீட்டைப் பற்றி நம் வாசகர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. பேர்ண் நண்பர் சீட்டுப் பிடித்தார். இருபது பேர் சேர்ந்தனர். எட்டாம் மாதத்திலே கழிவுக்கு எடுத்த ஒருவர், எடுத்த பணத்தோடு வேறொரு நாட்டுக்குப் பறந்துவிட்டார். அவருக்குப் பொறுப்பு நின்றவர் கையை விரித்தார். பேர்ண் நண்பர் தம் சேமிப்பைக் கரைத்தும் கடன்பட்டும் பலருக்குக் கொடுத்து முடித்தார். எல்லோருக்கும் கொடுக்க இயலவில்லை. "அவன் என் நண்பன், பொறுத்துக்கொள்வான்" என்று எண்ணி, சூரிச் நண்பரைக் கடைசியாக வைத்தார். அதுதான் பிழை. நண்பனைக் கடைசியாக வைத்தது நட்பென்று இவர் எண்ணினார். ஏமாற்றென்று அவர் எண்ணினார். 2005 ஆம் ஆண்டிலே ஒரு கலியாண மண்டபத்திலே, நூறு பேர் பார்த்திருக்க, சூரிச் நண்பர் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டார். அந்தச் சொல்லை இங்கே எழுத விரும்பவில்லை. நான்கே எழுத்துச் சொல்.

அதன்பின் பதின்மூன்று ஆண்டுகள் பேச்சில்லை. பேர்ண் நண்பரின் தாயார் ஊரிலே காலமானபோது, சூரிச் நண்பர் துக்கம் விசாரிக்கத் தொலைபேசியைக்கூட எடுக்கவில்லை. எமக்கு மட்டும் ஓர் இரவு அழைத்து, "கிழவி எங்களுக்கு எத்தனை நாள் சோறு போட்டவர்" என்று கூறிவிட்டு, வேறு பேச்சுக்குத் தாவினார்.

2018 ஆம் ஆண்டு, ஓய்வு பெற்ற கையோடு, இருவரையும் காண நாம் புறப்பட்டோம். விசா எடுத்த கதையை எழுதினால் அதுவே தனிக் கட்டுரையாகும், விட்டுவிடுவோம். சூரிச்சிலே வருடப்பிறப்பைக் கொண்டாடினோம். நண்பரின் மனைவியார் மருத்துநீர் வைத்துக் குளிக்கச் செய்து, சர்க்கரைப் பொங்கலும் பொங்கினார். மறுநாள் செர்மாற் என்ற மலையூருக்குப் போவதென்று திட்டம். பேர்ண் நண்பரின் மகள் அவ்வூரிலே, குளிர்காலம் முழுவதும், பனிச்சறுக்கு ஆசிரியையாகப் பணி செய்துகொண்டிருந்தாள். "வாத்தியார் மாமா, நீங்கள் வந்தால் உங்களுக்கும் சொல்லித் தருவேன்" என்று அவள் அழைத்திருந்தாள். தொழில் பற்றி நண்பர்கள் எமக்கு வைத்த பெயர் அவள் வாயிலும் புகுந்துவிட்டது.

சூரிச் நண்பர் எம்மைக் கூட்டிச் செல்லச் சம்மதித்தார். மொழி தெரியாத கிழவனைத் தனியே புகையிரதத்திலே விட அவருக்கு மனமில்லை. அந்தப் பெண்ணிடம் அவருக்குக் கோபமும் இல்லை. ஆனால் அதே புகையிரதத்திலே, பேர்ணிலே, அவளுடைய தகப்பனாரும் ஏறுவார் என்பதை நாம் சொல்லவில்லை. பொய் சொல்லவில்லை, உண்மையை முழுதாகச் சொல்லவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் பிள்ளைகளிடம் நாம் தண்டித்த குற்றம் அது. முதல் நாள் இரவு முழுவதும் எமக்கு உறக்கமில்லை. திட்டம் பிழைத்தால் ஒருவரையல்ல, இருவரையும் இழப்போம் என்பது நன்றாகத் தெரிந்திருந்தது.

பேர்ணிலே வண்டி நின்றது. கையிலே ஒரு சாப்பாட்டுப் பொதியுடன் நண்பர் ஏறினார். எம்மைக் கண்டு சிரித்தார். எதிரே இருந்தவரைக் கண்டதும் சிரிப்பு நின்றது. சூரிச் நண்பர் எழுந்தார். எழுந்தவர் போக இடமின்றி யன்னலோரமாய்த் திரும்பி அமர்ந்தார். வேறு இருக்கையும் இல்லை. வருடப்பிறப்பு விடுமுறை நமக்கு; அவர்களுக்கோ நல்ல வெயில். வண்டி நிறையச் சறுக்குப் பலகையும் பிள்ளைகளுமாகச் சனம்.

பேர்ணுக்கு அப்பால், மலையைக் குடைந்து 2007 இலே திறந்த லொட்ஸ்பேர்க் அடிவாரச் சுரங்கம் வருகிறது. நீளம் 34.6 கிலோமீற்றர். அந்நீளத்தை நாம் அறிந்தது புத்தகத்தாலன்று. ஒருவர் இருட்டு யன்னலைப் பார்க்க, மற்றவர் தம் சப்பாத்தைப் பார்க்க, நடுவிலே நாம் இருந்து கழித்த நிமிடங்களால் அறிந்தோம். சுரங்கம் முடியும் தறுவாயிலே பேர்ண் நண்பர் பொதியை அவிழ்த்தார். றொட்டியும் கட்டைச்சம்பலும். "வாத்தியார், அவரும் சாப்பிடுவாரோ என்று கேளும்" என்றார். "பசியில்லை என்று சொல்லும்" என்று யன்னற் பக்கமிருந்து பதில் வந்தது. அன்றைய பகல் முழுவதும் நாமே தபாற்காரன்.

விஸ்ப் என்ற இடத்திலே சிறிய மலைப் புகையிரதத்துக்கு மாறவேண்டும். 1891 இலே போட்ட பாதை. ஆற்றின் ஓரமாக, பற்சக்கரத்தைப் பல்லிலே மாட்டி மாட்டி ஏறுகிறது. செர்மாற்றுக்குள் பெற்றோல் மோட்டார் வண்டிகளுக்கு அனுமதியில்லை. காரிலே வருபவர்கள் ஐந்து கிலோமீற்றர் முன்னதாக, டேஷ் என்ற ஊரிலே அதை விட்டுவிட்டுப் புகையிரதத்திலே வரவேண்டும். ஊருக்குள் ஓடுபவை பெட்டி போன்ற சிறு மின்சார வண்டிகள். ஓசையின்றிப் பின்னால் வந்து நிற்கும். நாம் இருமுறை துள்ளினோம். அவ்வாண்டு ஜனவரியிலே பெரும் பனி கொட்டிப் பாதையும் புகையிரதமும் தடைப்பட்டு, ஏறத்தாழ 13,000 உல்லாசப் பயணிகள் ஊருக்குள் அடைபட்டுக் கிடந்தார்களாம். எமக்கு இவ்விருவரோடும் அப்படி ஒரு கதி நேர்ந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்தோம்.

மற்றர்ஹோர்ன் மலையைப் பற்றி எழுதாதவர் இல்லை. 4,478 மீற்றர் உயரம். அயலிலே துணையின்றி, ஒரு பக்கம் சற்றே கழுத்தைத் திருப்பியது போல் நிற்கிறது. படத்திலே நூறுமுறை பார்த்தும், வீதி முனையிலே திடீரென்று கண்டபோது கால்கள் நின்றன. மூவரும் நின்றோம். ஒருவரும் பேசவில்லை. பேசாததற்கு அந்த ஒருமுறை மட்டும் வேறு காரணம்.

சறுக்குப் பலகை வாடகைக்கு விடும் கடையிலே எம் வயது, நிறை, உயரம், பழக்கம் எல்லாவற்றையும் கேட்டு எழுதினார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் கூட இவ்வளவு கேட்கமாட்டார்கள். சப்பாத்தைப் பலகையோடு பூட்டும் விசைப்பூட்டை அந்தக் கணக்குப்படி இறுக்குவார்களாம். வேகமாக விழுந்தால் பூட்டுத் தானாகக் கழன்று காலைக் காக்கும். சப்பாத்தோ மரக்கட்டை போல விறைத்தது. கணுக்கால் அசையாது, நடந்தால் பொய்க்கால் ஆட்டம்.

அந்தப் பிள்ளை எங்களை மலைக்குள்ளே ஓடும் சுரங்க இழுவை வண்டியிலே ஏற்றிச் சில நிமிடங்களிலே சுன்னெக்கா என்ற இடத்துக்குக் கொண்டு போனாள். 2,288 மீற்றர். நமது சிவனொளிபாத மலையிலும் சற்று உயரம். அங்கே நாம் இரவிரவாகப் படியேறிக் கால் வீங்கியது நினைவுக்கு வந்தது. கீழே சிறு ஏரியொன்றன் அருகே, பழகுவோருக்கென ஒதுக்கிய சரிவு. நகரும் பாய் ஒன்று, ஆட்களை நின்ற நிலையிலே மேலே கொண்டு போகிறது. அந்தப் பாயிலே எம்முன் நின்றவர்கள் யாவரும் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள்.

"இப்போது பனி இரும்பு, பத்தரைக்குப் பிறகு உப்பு" என்றாள் அவள். வசந்தகாலப் பனியின் குணம் மணிக்கொன்று. இரவிலே வானம் வெளித்திருந்தால் பனியின் மேல்முகம் வெப்பத்தை இழந்து இறுகிவிடும். காலையிலே அதன்மேல் விழுந்தால் சீமெந்துத் தரையிலே விழுந்ததற்குச் சமம். வெயில் பட்டதும் மேலே ஓரிரு அங்குலம் இளகி, பருமணிகளாக உதிரும். ஆனையிறவு உப்பளத்திலே குவித்த உப்பைக் கையிலே அள்ளிப் பார்த்தவர்களுக்கு நாம் சொல்வது விளங்கும். சறுக்குவதற்கு அதுவே பொன்னான நேரம்; பலகை தானாகத் திரும்பும். கிழக்கு நோக்கிய சரிவு முதலிலும், தெற்கு நோக்கியது நண்பகலிலும், மேற்கு கடைசியிலும் பதத்துக்கு வருமென்பதால், தெரிந்தவர்கள் சூரியனைப் பின்தொடர்ந்து மலைக்கு மலை மாறுவார்கள். பதம் தவறினாலோ, மணிகளுக்கிடையே நீர் நிறைந்து, புட்டுக்கு நீர் கூடிப்போன மாவாகிவிடும். செங்குத்தான சரிவுகளிலே அந்த நீர் உள்ளே இறங்கி, பனியின் பிடியைத் தளர்த்திச் சரித்தும் விடும். டாவோஸ் நகரிலுள்ள ஆராய்ச்சி நிலையம் பனிச்சரிவு அபாயத்தை ஐந்து படிகளாக வகுத்து அறிவிக்கிறது. வசந்த காலத்திலே காலையில் ஒரு படியும் பிற்பகலில் அதற்கு மேற்படியுமாக அது ஏறுவது வழக்கம்.

"ஒரு மணிக்கு எல்லாரும் இறங்கிவிட வேண்டும்" என்றாள் கண்டிப்பாக. அந்தக் குரலிலே பேர்ண் நண்பரின் தாயாரைக் கேட்டோம். சூரிச் நண்பரும் கேட்டிருக்கவேண்டும். சட்டென்று அவளைத் திரும்பிப் பார்த்தார்.

வேகத்தைத் தணிக்க, பலகைகளின் முன்முனைகளைச் சேர்த்து, பின்முனைகளை அகட்டவேண்டும். குழந்தைகளுக்கு அதை 'பீட்சாத் துண்டு' என்று சொல்லிக் கொடுப்பார்களாம். எமக்கு அவள், "கிடுகுக் கூரை முகடு போல, மாமா" என்றாள். அந்நாட்டிலே பிறந்த பெண் கிடுகுக் கூரையை எங்கே கண்டாள் என்று வியந்தோம். தகப்பனார் சொல்லிக் கொடுத்ததாம். எம் முகடு நான்கு விநாடிக்குமேல் நிற்கவில்லை. விழுவதல்ல வெட்கம், எழுவதுதான். பலகையிரண்டும் ஒன்றையொன்று மிதித்துக்கொள்ள, கவிழ்ந்த ஆமையைப் போல் கிடந்தோம். நான்கு வயதுக் குழந்தை ஒன்று எம்மைச் சுற்றி வளைந்து கடந்து சென்றது. மரியாதையாகத்தான் சென்றது.

பேர்ண் நண்பர் நிதானமானவர். மெல்ல, நெடுங்கோடாகச் சறுக்கினார். சூரிச் நண்பரோ பள்ளிக்காலத்துக் காற்பந்து வீரர். பதினொரு மணிக்கெல்லாம் நிற்கவும் திரும்பவும் பழகிவிட்டார். அவர் முகத்திலே பதினாறு வயதுப் பையனைக் கண்டோம். ஒருமுறை, இறங்கி வந்த வேகத்திலே தம்மை மறந்து, "பார்த்தீரா?" என்று பேர்ண் நண்பரைப் பார்த்தே கேட்டுவிட்டார். பிறகு எம் பக்கம் திரும்பி, அதே கேள்வியை எம்மிடமும் ஒருமுறை கேட்டார்.

ஒரு மணியாயிற்று. அவள் வேறு பிள்ளைகளை ஒப்படைக்கப் போயிருந்தாள். நாம் சப்பாத்தின் கொளுவிகளைக் கழற்றி, அந்தச் சுகத்திலே கண்ணை மூடினோம். "இன்னும் ஒருமுறை" என்று சூரிச் நண்பர் பாயிலே ஏறினார். "வேண்டாம் என்று அவரிடம் சொல்லும்" என்றார் பேர்ண் நண்பர். நாம் சொன்னோம். தபாற்காரன் சொல்லை யார் கேட்பார்?

பெரிய விபத்தாக விழவில்லை. நடுச்சரிவிலே பனி கூழாகிக் கிடந்தது. இடப்பலகை அதற்குள் புதைந்து நின்றது. உடல் மட்டும் மெல்லத் திரும்பியது. வேகமாக விழுந்திருந்தால் பூட்டுக் கழன்றிருக்கும். மெதுவாக முறுகிய விழுகையாதலால் கழலவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவர் எழுப்பிய ஒலி எம் இடம் வரை கேட்டது.

நாம் கொளுவியை மாட்டத் தடுமாறுமுன், பேர்ண் நண்பர் ஏறத் தொடங்கிவிட்டார். பலகையைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்தப் பாரச் சப்பாத்தோடு, ஒவ்வோர் அடியும் முழங்கால்வரை புதைய, ஏறத்தாழ நாற்பது யார் தூரம் ஏறினார். அவருக்கு இருதய மருந்து உண்டென்று எமக்குத் தெரியும். போய்ச் சேர்ந்ததும் பூட்டை அமத்திக் காலை விடுவித்தார். பின்னர்த் தம் குளிர்ச்சட்டையைக் கழற்றி மற்றவர்மேல் போர்த்துவிட்டு, வெறும் மேற்சட்டையோடு அருகே அமர்ந்தார். மீட்புப் படையினர் சறுக்குவண்டியோடு வரும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள். என்ன பேசினார்கள், பேசினார்களா என்பது எமக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

எலும்பு முறியவில்லை, தசைநார் இழுபட்டிருக்கிறது என்றார் வைத்தியர். ஊன்றுகோல் இரண்டு கொடுத்தார்கள். இரவு தங்குவிடுதியிலே, அறைக்கு இரு கட்டிலாதலால், பேர்ண் நண்பர் சூரிச் நண்பரின் அறைக்குத் தம் பையை எடுத்துச் சென்றார். "இரவிலே அவருக்கு எழும்ப ஆள் வேண்டும்" என்று, யாரும் கேளாமலே, எமக்குக் காரணம் சொன்னார்.

மறுநாள் சறுக்குவதற்கில்லை. மாதா கோயிலருகே நிலத்தின் கீழ் அமைந்த நூதனசாலைக்குப் போனோம். 1865 ஆம் ஆண்டு ஜூலை 14 ஆம் திகதி எட்வேர்ட் விம்பர் என்ற ஆங்கிலேயரும் அவர் தோழருமாக எழுவர் மற்றர்ஹோர்ன் உச்சியிலே முதன்முதல் கால் வைத்தனர். எழுவரும் ஒரே கயிற்றிலே பிணைந்து இறங்கும்போது, ஹடோ என்ற பத்தொன்பது வயது இளைஞர் சறுக்கினார். முன்னே நின்ற வழிகாட்டி குறோஸை அவர் தள்ளிவிட, பின்னே நின்ற ஹட்சனும் பிரான்சிஸ் டக்ளஸ் பிரபுவும் இழுபட்டனர். டக்ளஸுக்கும் கிழவர் தவுக்வால்டருக்கும் இடையிலே கயிறு அறுந்தது. நால்வர் மாண்டனர், டக்ளஸின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. விம்பரும் தவுக்வால்டர் தந்தையும் மகனும் பிழைத்தனர்.

அறுந்த கயிறு அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. நம் ஊரிலே ஆட்டைக் கட்டுவதற்கும் யோசிப்பார்கள், அவ்வளவு மெல்லியது. தம்மைக் காக்கத் தவுக்வால்டர் கயிற்றை வெட்டினார் என்று கதை பரவிற்று. விசாரணை அவர்மேல் குற்றமில்லை என்று முடிந்தது. வெட்டப்படவில்லை என்று விம்பரும் எழுதினார். ஆனால் வலிய கயிறு கையிருக்க நலிந்ததை ஏன் கட்டினார் என்று அவரே ஒரு சந்தேகத்தையும் கிளப்பிவிட்டார். ஊர் வாய் ஓயவில்லை. கிழவர் அந்தப் பழியோடே வாழ்ந்தார்.

இவற்றையெல்லாம் ஜெர்மன் மொழி தெரிந்த சூரிச் நண்பர்தாம் எமக்கு வாசித்துச் சொன்னார். வாசித்து முடித்து, ஊன்றுகோலிலே சாய்ந்தபடி நெடுநேரம் அந்தப் பெட்டியைப் பார்த்தார்.

"கயிறு இற்றுப்போனால் மனிதன் என்ன செய்வான்?" என்றார்.

எம்மிடம் சொல்லவில்லை. நாம் அடுத்த பெட்டியிலிருந்த பழைய ஆணிச் சப்பாத்து ஒன்றை மிகுந்த அக்கறையோடு பார்க்கத் தொடங்கினோம்.

மாலை வண்டியிலே திரும்பினோம். சுரங்கம் வந்தது, போயிற்று. மிஞ்சிய றொட்டியை இருவரும் பங்கிட்டனர். பேச்சென்று பெரிதாக ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்து வேப்பமரம் இன்னும் நிற்கிறதா என்று ஒருவர் எம்மைக் கேட்டார். 1990 இலே விழுந்துவிட்டது என்று நாம் சொல்லுமுன், மற்றவர் சொன்னார்.

பேர்ண் வந்தது. பேர்ண் நண்பர் பையை எடுத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். "கொஞ்சம் நில்லும்" என்றார் சூரிச் நண்பர். தட்டுத்தடுமாறி எழுந்து, ஒற்றைக் காலிலே வாசல்வரை போய், சட்டைப் பையிலிருந்து ஐந்து பிராங்கு நாணயம் ஒன்றை எடுத்து, மற்றவர் உள்ளங்கையிலே வைத்தார்.

"கைவிசேஷம். நான் உம்மிலும் மூன்று மாதம் மூத்தவன்."

பேர்ண் நண்பர் நாணயத்தைப் புரட்டிப் பார்த்தார். "இதை வைத்து ஒரு சீட்டுத் தொடங்குவோமா?" என்று கேட்டுவிட்டு இறங்கினார். கதவு மூடியது.

சூரிச் நண்பர் திரும்பி வந்து காலை நீட்டி அமர்ந்தார். முகத்திலே ஒரு மாற்றமும் இல்லை. நாமும் ஒன்றும் பேசவில்லை. வண்டி ஓல்ட்டன் நகரைத் தாண்டிய பிறகுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது. வந்த பின்னர் நிறுத்த முடியவில்லை.